மணியக்காரர் கையெழுத்து

ரங்கூனில் நான் பிறந்த தெருவில் எங்களை அந்நியர் என்றுதான் சொல்வார்கள். யுத்தம் வந்து, காடும் மலையும் நடந்து, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சேலம் வந்து சூரமங்கலத்தில் ஒரு குடிசையில் ஒண்டியபோது, இனி அந்தப் பேச்சு காதில் விழாது என்று நம்பினேன்.

ரேஷன் கார்டு கேட்கப் போனேன். இந்த ஊர்க் குடிதான் என்று சொந்த ஊர் மணியக்காரரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார் குமாஸ்தா. கார்டு இல்லாவிட்டால் அரிசி கிடையாது.

செத்துப்போன அப்பாவின் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். நான் அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ரங்கூனில் யார் கேட்டாலும் என் ஊர் என்று அதைத்தான் சொல்வேன்.

மணியக்காரர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் இருந்தார்கள். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"பர்மா அரிசி வரலீன்னு பாத்தா, பர்மாக்காரன் வாரானப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்க கொலசாமி எது? உனக்கு முடி எறக்குனது எந்தக் கோயில்ல?" என்று மணியக்காரர் கேட்டார்.

யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். "ரங்கூன் மாரியம்மன் கோயில்லீங்க."

மறுபடியும் சிரிப்பு. குலசாமி பெயரை அப்பா சொல்லியிருப்பார். நான்தான் காதில் வாங்கவில்லை.

"கொலசாமி தெரியாம எப்படிச் சாமி இந்த ஊருக்காரனாவே?"

ஊரிலேயே இருந்துவிட்ட என் சித்தப்பாவின் மகனுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவருக்கு அப்படியே என் அப்பாவின் மூக்கு. "பெரியப்பன் கப்பலேறுனது நெசந்தானுங்க. இவுருதான் மவன்னு எனக்கெப்படீங்க தெரியும்?" என்றார். அப்பா விட்டுப்போன மேட்டு நிலத்தை அவர்தான் உழுகிறார். நிலம் வேண்டாம், கையெழுத்துப் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாளைக்கு ஜப்பான்காரன் வந்தா நீ எந்தப் பக்கம் நிப்பே?" என்றார் மணியக்காரர். அவன் போட்ட குண்டுக்குத் தப்பித்தானே ஓடி வந்தேன்.

கையெழுத்து கிடைக்கவில்லை. குமாஸ்தா இரக்கப்பட்டு, அகதி என்று எழுதி ஒரு கார்டு கொடுத்தார். சொந்த ஊர் என்ற இடத்தில் ரங்கூன் என்று போட்டார். மாதா மாதம் வந்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

யுத்தமும் முடிந்தது. முத்திரை குத்தும்போதெல்லாம் அவர் கேட்பார்: "இன்னும் ஊருக்குப் போகலீங்களா?"

எந்த ஊருக்கு என்று திருப்பிக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போவேன். கார்டு கைக்கு வந்ததும், "போகணுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி வரிசையில் போய் நின்றுகொள்வேன்.