டைப்ரைட்டர் மூடிக்குள் ஒரு வெற்றிடம்

அந்தப் பழைய டைப்ரைட்டரின் மூடியைத் திறந்தால் உட்புறம் முழுக்க மஞ்சளேறிய சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில வார்த்தை. நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதைத் தடவும்போதெல்லாம் அவள் கண் கலங்கிவிடும்.

பல்பு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தபோது அவளுக்கு டிக்‌ஷனரி அக்கா என்றுதான் பெயர். பல்பு சுற்ற வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் தினமும் ஒரு தாளை உருவி, யாரும் பேசாத வார்த்தையாக ஒன்றைப் பிடிப்பாள். பொருள் பார்த்து, சீட்டில் அடித்து மூடிக்குள் ஒட்டிவிடுவாள். அதனால் லீவு லெட்டர் அடிக்க ஆபீசே அவளிடம்தான் வரும்.

"அக்கா, வயித்துவலின்னு போடுங்க" என்பார் ஸ்டோர்கீப்பர்.

"வயித்துவலிக்கு யாரு லீவு குடுப்பா? லேசிட்யூட்னு போடறேன்."

"ஐயையோ, ஒட்டிக்கிற வியாதியா?"

"உனக்குப் பொறந்ததுல இருந்தே இருக்கு, தம்பி. அசதின்னு அர்த்தம்!"

மேனேஜர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. லெட்டரை வாங்குவார், அந்த வார்த்தையில் கண் நின்றுவிடும். தெரியாது என்று சொல்ல வாய் வராது. கையெழுத்துப் போட்டு, லெட்டரை மேசை டிராயரில் வைத்துப் பூட்டுவார். தன் வேலைக்கு வேட்டு வைக்கத்தான் சாட்சி சேர்க்கிறார் என்று அவள் பயப்படுவாள்.

இருபது வருஷத்தில் தனக்கென்று ஒரு லீவு லெட்டர்கூட அவள் அடித்ததில்லை. அன்றைக்குத்தான் வெளியூரிலிருந்து தங்கையின் போன் வந்தது.

"நாளைக்கு ஆபரேஷன்க்கா. பொழைப்பேனான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார். நீ வந்து கையைப் பிடிச்சுக்கோ, போதும்."

தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஆனால் அது ஸ்டாக் கணக்கு எடுக்கும் வாரம். யாருக்கும் லீவு இல்லை என்று சுவரில் போர்டே தொங்கியது.

மூடி நிறைய வார்த்தைகள் இருந்தன. ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. 'தங்கைக்கு ஆபரேஷன். பயப்படுகிறாள். நான் போக வேண்டும்.' பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதும் ஆங்கிலத்தில் மூன்றே வரி அடித்தாள்.

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வார்த்தை எங்கம்மா?"

"கிடைக்கல சார்" என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் மேசை டிராயரைத் திறந்தார். கட்டுக் கட்டாக லெட்டர்கள். ஓரத்திலெல்லாம் அர்த்தம் எழுதியிருந்தது, இரண்டு பேர் கையெழுத்தில்.

"நானும் எம் பொண்டாட்டியும் முகம் குடுத்துப் பேசியே வருஷக்கணக்காச்சு. ஒருநாள் உங்க வார்த்தைக்கு அர்த்தம் தேடிக்கிட்டிருந்தேன். 'என்ன தேடறீங்க?'ன்னு அவளாவே வந்து கேட்டா. அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சும்மா, இன்னும் ஓயல." கையெழுத்துப் போட்டார். "கெளம்புங்க. ஸ்டாக் கணக்க நான் பாத்துக்கறேன்."

அவள் வாசல்வரை போனதும் கூச்சத்தோடு குரல் வந்தது. "இன்னிக்கு வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போறது?"

அவள் ஓடிப்போய் மூடிக்குள்ளிருந்து ஒரு சீட்டை உரித்து வந்து நீட்டினாள். "கன்வலெசென்ஸ், சார். நோய் தீர்ந்து மெல்ல மெல்லத் தேறி வர்றது."

"தேறிடுவாம்மா" என்றார் அவர்.

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது டைப்ரைட்டரை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில் வேறு சீட்டு ஒட்ட அவளுக்கு மனசே வரவில்லை.

"மறுபடியும் மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு அழறியாக்கா?" சமையலறையிலிருந்து தங்கை சத்தம் போடுகிறாள். "டீ ஆறுது, எழுந்து வா!"