தரையில் நின்று சமைக்க

உக்கடம் தாண்டிக் கரும்புக்கடையில் ஒரு இ-சேவை மையம் இருக்கிறது. ஆதாரில் முகவரி மாற்றவும் வருமானச் சான்றிதழ் கேட்கவும் புதிதாக வருகிறவர்கள், கவுன்டருக்குப் பின்னால் ஆளே இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்ப்பார்கள். அப்போது உள்ளிருந்து, “சொல்லுங்க, என்ன வேணுமுங்க?” என்று குரல் வரும். எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் யாஸ்மின் உட்கார்ந்திருப்பாள்.

யாஸ்மினுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறவியிலேயே வளர்ச்சி குறைவு. நின்றால் மற்றவர்களின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவாள். கைகால்களும் அதற்கேற்றபடி குட்டை. தபால் வழியில் பி.காம் முடித்தவள். அவள் அனுப்பும் விண்ணப்பம் பிழை என்று திரும்பி வராது என்பதால் தொலைவிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள்.

வீடு கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள். முன்பக்கம் அண்ணன் ரசாக்கும் அவன் மனைவி ஃபர்சானாவும் இருக்கிறார்கள். ரசாக் மோட்டார் பம்பு உதிரி பாகக் கடை வைத்திருக்கிறான். நடுவில் சின்ன முற்றம். அதைத் தாண்டினால் பழைய ஓட்டுக் கட்டடம். அதில்தான் யாஸ்மினும் அம்மாவும் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்த பிறகு யாஸ்மின் மட்டும்.

அம்மா இருந்தவரை யாஸ்மின் அடுப்பில் சமைத்ததில்லை. பதினேழு வயதில் ஒரு நாள் ஸ்டூல் மேல் ஏறி நின்று பால் காய்ச்சினாள். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்துக்கொள்ள நீட்டிய கைக்கு அகப்பட்டது பால் பாத்திரம். முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, இனி நீ அடுப்பைத் தொடவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பயத்தில் சொன்னது, பிறகு அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. காய் நறுக்குவாள், அரிசியில் கல் பொறுக்குவாள். அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பிறகு மூன்று வேளையும் ஃபர்சானா சாப்பாடு கொடுத்தனுப்பினாள். அண்ணன் மனைவியை யாஸ்மின் மச்சி என்றுதான் கூப்பிடுவாள். மச்சி எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஒரு டீ குடிக்கத் தோன்றினால் முற்றத்தைத் தாண்டிப் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் உடனே கிடைக்கும். அதனாலேயே யாஸ்மின் பல நாள் கேட்க மாட்டாள்.

போன மழைக்குப் பின்கட்டு ஓடு ஒழுகிச் சுவர் ஊறிவிட்டது. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு, உள்ளே எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாம் என்று ரசாக் முடிவு செய்தான். சூலூரிலிருந்து பிரகாசம் மேஸ்திரியை வரச் சொன்னான். தங்கையிடம், டைல்ஸ் கலரெல்லாம் நீயே பார்த்துச் சொல் என்றான். சமையலறையிலும் பாத்ரூமிலும் கலர் மட்டுமல்ல, எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன் என்றாள் யாஸ்மின். ரசாக்குக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா போனதிலிருந்து அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் பாலக்காட்டு ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். குழாய்கள் எல்லாம் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. விற்பனையாளர் ஒவ்வொன்றின் பெருமையையும் ரசாக்கிடமே சொல்லிக்கொண்டு வந்தார். யாஸ்மின் கேட்ட கேள்விக்கும் ரசாக்கின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசியில் ஃபர்சானா, “ஏனுங்க, ஊடு இவளுதுங்க. இவகிட்டச் சொல்லுங்க” என்றாள். அதற்குப் பிறகு அவர் குழாய்களைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். யாஸ்மின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். அவள் விரல்கள் தடித்துக் குறுகியவை. உருண்டைக் கைப்பிடி வழுக்கியது. நீளமான ஒற்றைப் பிடி உள்ள குழாயை எடுத்துக்கொண்டாள். இதைப் பின்சுவரில் வைத்தால் கை எட்டாது, சிங்க்குக்குப் பக்கவாட்டில் வைக்க முடியுமா என்று கேட்டாள். விற்பனையாளர் யோசித்துவிட்டு முடியும் என்றார்.

கழிப்பறைச் சாமான்கள் மேல் மாடியில் இருந்தன. அங்கே காட்சிக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றின் மேல் யாஸ்மின் ஏறி உட்கார்ந்தாள். கால் தொங்கியது. இறங்கி அடுத்ததில் உட்கார்ந்தாள். அதிலும் தொங்கியது. அதற்கடுத்ததுக்குப் போனாள். வேறு வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். ரசாக் ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டில் போகும் பஸ்களைப் பார்க்க ஆரம்பித்தான். ஃபர்சானா நகரவில்லை, யாஸ்மினின் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். எதிலும் கால் தரையில் படவில்லை. சின்னக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போகும் உயரம் குறைந்த மாடல் குடோனில் இருக்கிறது என்று விற்பனையாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வந்தது. மூடியில் வாத்துப் படம் போட்டிருந்தது. யாஸ்மின் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, “இதுதானுங்க. வாத்து இல்லாத மூடி மட்டும் மாத்திக் குடுத்துருங்க” என்றாள். விற்பனையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபர்சானாவும் சிரித்தாள்.

தகராறு சமையல் மேடையில் வந்தது. யாஸ்மின் தன் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டி, மேடை இந்த உயரம் இருந்தால் போதும் என்று பிரகாசத்திடம் சொன்னாள். சாதாரண ஆளுக்கு அது தொடையளவு. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். சிலிண்டர் கீழே நிற்காது என்றார். வெளியே சுவரோரம் வைத்துக் குழாய் உள்ளே விடலாம் என்றாள். சிங்க் அவ்வளவு தாழ்ந்தால் தண்ணீர் வெளியேற வாட்டம் கிடைக்காது என்றார். ஆழம் குறைந்த சிங்க் எடுத்திருக்கிறேன், நேராகச் சுவரைத் துளைத்து வெளியே விடுங்கள் என்றாள். அவள் பல நாள் யோசித்து வைத்திருந்தாள் என்பது தெரிந்தது. மேஸ்திரி ரசாக்கைப் பார்த்தார்.

அடுத்த வாரம் மையத்தில் வேலை அதிகம். யாஸ்மின் காலையில் போனால் இருட்டித்தான் வந்தாள். பின்கட்டுக்குள் மணலும் சிமென்டும் கிடந்ததால் முன்வீட்டிலேயே தங்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் வந்தவளை ரசாக் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

மேடை கட்டி முடிந்து கருப்பு கிரானைட் போட்டாகிவிட்டது. வழக்கமான உயரம். அதன் முன்னால் தரையில், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, தேக்கில் ஒரு பலகைத் தளம். ஏறுவதற்கு இரண்டு படி. விழாமல் இருக்கப் பின்பக்கம் உருண்டையாகக் கடைந்த கைப்பிடி. பாலிஷ் வாசம் இன்னும் போகவில்லை.

“தேக்கு கண்ணு. பட்டறையில நானே கூட நின்னு செய்யச் சொன்னேன். நீ இனி உழுகவே மாட்டே” என்றான் ரசாக்.

யாஸ்மின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். ஒரு முனைகூடக் கையைக் குத்தவில்லை. அண்ணன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்பது அதிலேயே தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. ரசாக் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான்.

“ரொம்ப நல்லாருக்குதுங்கண்ணா. ஆனா எனக்கு வேண்டாமுங்க.”

“ஏன், என்ன கொறை?”

“கொறை ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸு, பேங்க்கு, ஆபீஸு, எல்லா எடத்துலயும் எதுலயாச்சும் ஏறித்தான் நிக்கறேன். ஊட்டுக்குள்ளயாவது தரையில நின்னு ஒரு டீ போட்டுக் குடிக்கோணுங்கண்ணா.”

ரசாக்கின் முகம் மாறியது. அவன் மனதில் வேறொரு கணக்கு இருந்தது. அவனுக்கு ஐம்பத்தொன்று, சர்க்கரை வேறு. “எனக்கு அப்பறம் உன்னைப் பாத்துக்க ஒரு ஆள் வரோணுமில்ல? அவங்க குனிஞ்சு குனிஞ்சு எப்படிச் சமைப்பாங்க?” என்றான்.

“எனக்குச் சமைச்சுப்போட ஆள் வருவாங்கன்னு நெனச்சு நீங்க கட்டிட்டீங்க. நான் சமைக்கறதுக்குத்தானுங்கண்ணா நான் கேட்டேன்.”

ரசாக் வெளியே போய்விட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவன் சாப்பாட்டுக்கு வரவில்லை. யாஸ்மினும் சாப்பிடவில்லை. ஆசையாகச் செய்ததை முகத்துக்கு நேராக வேண்டாம் என்றுவிட்டோமே என்று அவளுக்கு ஒரு பக்கம் உறுத்தியது. இன்னொரு பக்கம், கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபமும் இருந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் நடமாடினார்கள்.

ஃபர்சானா முதலில் யார் பக்கமும் சேரவில்லை. தேக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்றுகூட நினைத்தாள். மறுநாள் பின்கட்டைக் கூட்டப் போனவள், யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பலகைத் தளத்தை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, மேடை முன்னால் தரையில் முட்டி போட்டு நின்று பார்த்தாள். அன்று மதியம் சோறு போடும்போது ரசாக்கிடம் சொன்னாள்: “முட்டி போட்டு நின்னா அவ உசரம்தானுங்க வருது. நின்னு பாத்தேன். அடுப்பு வெச்சா பாத்திரத்துக்குள்ள தெரியாது. கல்லோட ஓரம்தான் தெரியுது. அத்தனை வருசமும் அத்தை அடுப்படியில அவ அதைத்தான் பாத்திருக்கா.”

ரசாக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அடுத்த நாள் அதிகாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவன் திரும்பி வந்து நேராக முன்வீட்டுக்குள் வரவில்லை. பின்கட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே என்ன செய்தான் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று துவைக்க எடுத்த கைலியில், முழங்கால் வரும் இடத்தில் இரண்டு வட்டமாகச் சிமென்ட் தூசி இருந்ததை ஃபர்சானா பார்த்தாள். காலை உணவு முடிந்ததும் ரசாக் பிரகாசத்துக்குப் போன் போட்டு, மேடையை உடைக்க ஆள் கூட்டி வரச் சொன்னான். போனை வைத்துவிட்டுத் தங்கையிடம், “சிலிண்டர் வெளிய எந்தப் பக்கம்னு சொல்லிட்டு வேலைக்குப் போ கண்ணு” என்றான். மன்னிப்பு என்றோ வருத்தம் என்றோ இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கிரானைட்டைக் கழற்றும்போது ஒரு பலகை குறுக்காக உடைந்தது. பிரகாசம் வாய்க்குள் முணுமுணுத்தார். ஆனால் இரண்டாம் முறை கட்ட ஆரம்பித்தபோது அவருக்கே ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. “அம்மணி, ஒரு தடவ வந்து நின்னு காட்டுங்க” என்று ஒவ்வொரு வரிசை செங்கல்லுக்கும் யாஸ்மினைக் கூப்பிட்டார். ஸ்விட்சுகளை எங்கே வைக்க, அலமாரிக் கடப்பாக்கல்லை எத்தனை கீழே இறக்க என்று அவரே கேட்டார். உடையாத பெரிய துண்டு மீதியிருந்தது. அதை ஜன்னல் பக்கம் வழக்கமான உயரத்திலேயே போட்டுவிடச் சொன்னாள் யாஸ்மின். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் வேலை செய்வார்கள். மச்சி எதற்குக் குனிய வேண்டும் என்றாள். தேக்குத் தளத்தை ரசாக் கடைக்கு எடுத்துப் போய்விட்டான். மேல் ரேக்கிலிருந்து பெல்ட்டும் பேரிங்கும் எடுக்க அது வசதியாக இருக்கிறதாம்.

இத்தனையும் செய்த பிறகு யாஸ்மினுக்குச் சமைக்கத் தெரியாது என்பது வெளியே வந்தது. அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறாள், பார்த்ததும் கீழேயிருந்து. பாத்திரத்துக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. டீ நன்றாக வந்தது. முதல் சோறு குழைந்தது. வெங்காயம் பொன்னிறம் என்று சொல்லுகிற நிறத்தைத் தாண்டிக் கருகியது. எண்ணெய் சடசடவென்றதும் பழைய பயம் வந்து அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்ற நாளும் உண்டு. அப்போதெல்லாம் ஃபர்சானா பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கையை நீட்டி உதவ மாட்டாள். இப்போ மூடு, இப்போ கிண்டு என்று வாயால் மட்டும் சொல்லுவாள். அப்படியே இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இவ்வளவு பேசியதில்லை என்று ஃபர்சானா ஒரு நாள் சொன்னாள்.

மையத்தில் வேலை இருக்கிற நாட்களில் இப்போதும் மச்சியின் சாப்பாடுதான். அது ருசியாகவும் இருக்கிறது என்று யாஸ்மின் ஒளிக்காமல் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் சமையல். ரசாக் வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைவு, காரம் கூட என்று ஏதாவது சொல்லுவான். சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை போட்டுக்கொள்ளுவான்.

போன மாதம் பிரகாசம் மேஸ்திரி அன்னூரிலிருந்து ஒரு தம்பதியை அழைத்து வந்தார். மனைவி பெயர் ரெபேக்கா. பைக் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவர்கள் வீட்டு வேலையைப் பிரகாசம்தான் எடுத்திருந்தார். தொடங்குவதற்கு முன்னால் இதை ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று கூட்டி வந்திருந்தார். சந்து குறுகல், நாற்காலியை முற்றத்தில் திருப்பவே சிரமமாக இருந்தது. ரெபேக்கா மேடை அருகில் வந்ததும் அடியில் கால் நுழைய இடமில்லை என்று கண்டுகொண்டாள். ஆமாம், உங்களுக்கு மேடைக்கு அடியில் திறப்பாக இருக்க வேண்டும், உயரமும் இதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும் என்றாள் யாஸ்மின். பிரகாசம் பென்சிலால் தன் உள்ளங்கையில் எதையோ குறித்துக்கொண்டார்.

பேச்சு நீண்டது. ரெபேக்காவின் கணவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். போகலாம், இன்னும் அஞ்சு நிமிசம் என்றாள் ரெபேக்கா. பிறகு யாஸ்மினிடம் குரலைத் தாழ்த்தி, “எங்க ஊட்டுப் பெரியவங்க மேடையத் தாழ்த்திக் கட்டறதுக்கு இன்னும் ஒத்துக்கல. நீங்க வந்து ஒருக்கா பேசுவீங்களா அக்கா?” என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்கு வருகிறேன் என்று யாஸ்மின் ஒத்துக்கொண்டாள். மச்சியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.