மாமனார் சொன்ன ஆகட்டும்

எங்கள் வீட்டுக் கக்கூஸ், ஒரு சொல்லை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டதால் கட்டப்பட்டது. கழிப்பறை, குளியலறை என்று நாசூக்காக எழுதலாம்தான். ஆனால் அந்த நாளில் மாமனார் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் நான் பட்ட பாட்டுக்கு, இப்போதாவது வாய் நிறையச் சொல்லிக்கொள்கிறேனே.

எண்பதுகளின் தொடக்கம் அது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. கடலைக்காயும் பருத்தியும் போடுவோம். என் வீட்டுக்காரர் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டால் மாசக்கணக்கில் திரும்பமாட்டார். வீட்டில் மாமனார், அத்தை என்று நான் கூப்பிடும் மாமியார், நான் மூன்று பேர்தான். கல்யாணமாகி அப்போது ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை.

கக்கூஸ் என்று ஒன்று அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எங்கேயும் கிடையாது. ஆண்கள் எப்போது வேண்டுமானாலும் போவார்கள். பெண்கள் விடியுமுன் போக வேண்டும், இல்லாவிட்டால் இருட்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருநாள் விடியுமுன் போன அத்தை வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சேலத்தில் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். கம்பு ஊன்றி வீட்டுக்குள் நாலடி நடக்கலாம், ஆனால் குத்தவைத்து உட்காரவே கூடாது என்றார் டாக்டர். கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொள்ள ஒரு பீங்கான் பாத்திரமும் கொடுத்தனுப்பினார்கள்.

அந்தப் பாத்திரத்தை எடுத்துக் கொட்டிக் கழுவுவது நான்தான். எனக்கு அதில் ஒன்றும் கூச்சமில்லை. அத்தைக்குத்தான் கூச்சத்தில் உயிர் போனது. நான் அதை எடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு சோற்றைக் குறைத்தார். ‘பசிக்கல சாமி’ என்பார்; சின்னவர்களைப் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவோம். தண்ணீர்ச் சொம்பு வைத்தது வைத்தபடி இருக்கும். மாமனார் மரத்திலிருந்து தினமும் ஓர் இளநீரை வெட்டிக்கொண்டு வந்து கொடுப்பார். அவர் தலை மறைந்ததும் அதை என் கையில் திணித்து, ‘குடிச்சுப்போடு, மாமன்கிட்டச் சொல்லாத’ என்பார் அத்தை.

இரண்டாவது தடவை சேலத்துக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். ‘தண்ணியே குடிக்கறதில்லையா இந்தம்மா? இப்படியே போனா எலும்பு கூடும், ஆள் இருக்கமாட்டாங்க’ என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அத்தையின் காதில், ‘ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க?’ என்று கேட்டேன்.

‘மருமவ கையால அள்ள உட்டுட்டுச் சோறு திங்கச் சொல்றயா?’ என்று அவர் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதிருப்பேன். பஸ் நிறையக் கூட்டம் இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அத்தை படுத்திருக்கும் அறையின் பின்சுவரை உடைத்துக் கதவு வைத்து, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறை கட்ட வேண்டும். உள்ளே நாற்காலி மாதிரி உட்காருகிற பேசின். கட்டிலிலிருந்து கம்பு ஊன்றிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற தூரம். யார் கையும் வேண்டாம்.

மாமனாரிடம், ‘அத்தைக்கு ஒரு ரூம் கட்டிறலாமுங்க மாமா’ என்றேன். என்ன ரூம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளூர்க் கொத்தனார் ஒருத்தரை அவரே வரச்சொன்னார். அந்த ஆள் வந்து, ஒரு சிமெண்டுச் சட்டியையும் மண்வெட்டியையும் பின்வாசலில் வைத்துவிட்டு, ‘நாளைக்கு வாரேனுங்க’ என்று போனார். சட்டியை வைத்துவிட்டால் அந்த வேலை அவருடையது, இன்னொருத்தர் தொடமாட்டார் என்பது வழக்கம். சட்டி இருந்தது, ஆள் வரவில்லை. சந்தையில் பார்த்தால் ‘நாளைக்கு வாரேனுங்க’. கோயில் நோம்பியில் பார்த்தால் ‘விடிஞ்சதும் வாரேனுங்க’. சட்டிக்குள் எங்கள் கோழி முட்டையிடத் தொடங்கிவிட்டது. அத்தை இன்னும் இளைத்துக்கொண்டே போனார்.

என் அக்காளைக் கட்டிக்கொடுத்தது சேலத்தைத் தாண்டி கொண்டப்பநாயக்கன்பட்டியில். அவள் சமையற்கட்டை இடித்து மேடையெல்லாம் போட்டுப் புதுசாகக் கட்டியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். போனதும் காபிகூடக் குடிக்காமல் ஒரு குடம் தண்ணீரை எடுத்து அவள் சமையற்கட்டில் கொட்டினேன். அக்கா கத்தினாள்.

‘அடியே, பைத்தியமா புடிச்சிருக்கு?’

‘இரு அக்கா, பாக்கோணும்’ என்றேன். தண்ணீர் ஒரு மூலையிலும் நிற்காமல் நேராகச் சாக்கடைத் துளைக்கு ஓடிப்போனது. எனக்கு அது போதும். ‘எந்த மேஸ்திரி?’ என்று கேட்டேன்.

சேலம் டவுனைச் சேர்ந்த கிறிஸ்துவர் அவர். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் அக்கா வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரிடம் கக்கூஸ் என்று சொல்ல எனக்குக் கூச்சமே வரவில்லை. ‘நாளைக்கு வாரீங்களா?’ என்று கேட்டேன்.

‘வர முடியாதுங்க’ என்றார். ‘கையில ஒரு வேல இருக்கு. வர்ற வியாழக்கிழமை வந்து எடத்தப் பாக்கறேன். அதுக்கடுத்த வியாழன் ஆரம்பிக்கலாம்.’

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாலு பேருக்கு முன்னால் மூஞ்சியில் அடித்தாற்போல் வரமுடியாது என்கிறாரே என்று. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வாரேன் வாரேன் என்று கேட்டே காது புளித்துப்போனவளுக்கு, வரமுடியாது என்கிற ஒரு மனுசர் கிடைத்தால் எப்படி இருக்கும்? இவர்தான் நமக்கு ஆள் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன்.

சொன்ன வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பின்வாசலுக்குப் போனதும் சட்டியைப் பார்த்துவிட்டார். ‘இது யாரோடதுங்க? அவங்ககிட்டச் சொல்லித் திருப்பிக் குடுத்துருங்க. அது இங்க இருக்கற வரைக்கும் நான் கை வெக்கமாட்டேன்’ என்றார். கோழியைத் துரத்திவிட்டு, பண்ணையாளிடம் கொடுத்தனுப்பினேன். சட்டியைக் கண்ட உள்ளூர்க்காரர், ‘நாளைக்கு வரலாம்னுதான் இருந்தேன்’ என்றாராம்!

அதற்குப் பிறகு மேஸ்திரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ‘அம்மா, எந்திரிக்கறப்ப எந்தக் கைய ஊனுவீங்க? உக்கார்ற எடம் இந்தக் கட்டில் ஒசரம் இருந்தாச் சரியா இருக்குமா?’ என்று அவரையே கேட்டார். அத்தைக்கு முதலில் வெட்கமாகிவிட்டது. அப்புறம், வலது கை என்றும், கட்டிலைவிட ஒரு சாண் உயரமாக இருந்தால் தேவலை என்றும் சொன்னார். விழுந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மாமனார் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி நேராக அவரிடம் போய், ‘ஐயா, அம்மா ரூமுல பின்செவுத்த ஒடச்சு ஒரு கதவு வெச்சு, கக்கூஸ ஒட்டியே கட்டிரலாம்’ என்று போட்டு உடைத்தார். நான் கதவுக்குப் பின்னால் இன்னும் ஒண்டிக்கொண்டேன்.

மாமனார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். ‘ஊட்டுக்குள்ளயா? சோறு ஆக்கற ஊட்டுக்குள்ளயா? மாட்டுக்கொட்டாய்க்கு அக்கட்ட எடம் கெடக்குதே.’

‘அம்மாவால அத்தன தூரம் நடக்க முடியாதுங்களே.’

மாமனார் வெற்றிலையை மறுபடியும் மெல்லத் தொடங்கினார். பிறகு, ‘ஆகட்டும்… பாக்கலாம்’ என்றார்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது மரியாதையில்லை. பெண் கேட்டு வந்தவர்களாக இருந்தாலும், கடன் கேட்டு வந்தவர்களாக இருந்தாலும், பிடிக்காவிட்டால் ‘ஆகட்டுங்க, பாக்கலாமுங்க’ என்று இழுப்போம். அவர்களும் புரிந்துகொண்டு, மோரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேஸ்திரியும் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மாமனாரே கூடப்போய் பஸ் ஏற்றிவிட்டார். நான் தவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டுக்கு முன்னால் அழுது தீர்த்தேன். மாமனாரைத் திட்டவும் முடியவில்லை. அவர் கெட்டவரில்லை. பிடிவாதக்காரர், அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமை மாமனார் ஆடு பிடிக்க மேச்சேரிக்குக் கிளம்பிப் போனார். நான் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பக்கமிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. மடியில் இருந்த பருத்தியைக் கொட்டிவிட்டு ஓடிவந்தேன். அத்தையைக் கட்டிலோடு தூக்கி ஆசாரத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே பின்சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வெளிச்சம் கொட்டுகிறது. மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் புழுதியில் நிற்கிறார்கள்.

‘யாருங்க உங்களை இடிக்கச் சொன்னது?’ என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டேன்.

‘ஐயாதான் ஆகட்டும்னாருங்களே’ என்றார் அவர், வெள்ளந்தியாக.

வரமுடியாது என்றால் வரமுடியாதுதான், ஆகட்டும் என்றால் ஆகட்டும்தான் அவருக்கு. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து அத்தை என் கையைப் பிடித்தார்.

‘உடு சாமி. இடிக்கட்டும்.’

அத்தைக்கும் அந்த ஆகட்டுமின் அர்த்தம் தெரியும். எனக்கு முன்னாலிருந்தே தெரியும்.

பொழுது சாய மாமனார் வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்ததும் தோட்டமே அதிருகிறாற்போல் கத்தினார். ‘ஆரக் கேட்டு இடிச்சீங்க?’ மேஸ்திரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் மழுப்பவில்லை. ‘ஐயா, நீங்க ஆகட்டும்னு சொன்னதச் சரின்னு எடுத்துக்கிட்டேன். தப்புத்தான். வேண்டாம்னு இப்ப ஒரு வார்த்த சொல்லுங்க, பழையபடி செவுத்த எழுப்பிட்டுத்தான் இந்த எடத்த உட்டு நகருவேன்’ என்றார்.

வேண்டாம் என்று மாமனார் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். யார் முகத்துக்கு நேரேயும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகாத மனுசர் அவர்.

அப்போது அத்தை பேசினார். ‘ஏனுங்க, நீங்க தெனமும் வெட்டியாந்து குடுக்கற எளநிய ஆரு குடிக்கறான்னு தெரியுமுங்களா? உங்க மருமவதான் குடிக்கறா. நான் குடிச்சா ஒன்னுக்குப் போகோணும். போனா அவதான் அள்ளோணும். அதுக்குப் பயந்துட்டு நாக்கு வறண்டு படுத்துக் கெடக்கறனுங்க.’

அவரை எதிர்த்து அத்தை பேசி நான் கேட்டதே இல்லை. அதுகூட எதிர்த்துப் பேசிய மாதிரி இல்லை, தூரத்து ஊர்ச் சேதி சொல்வதுபோல இருந்தது. மாமனார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கிணற்றடிக்குப் போய், தண்ணீரை இறைத்து முகத்தில் அடித்துக்கொண்டு நின்றார். முகம் கழுவ அவ்வளவு நேரமாகாது.

திரும்பி வந்தவர் ஓட்டைக்கு முன்னால் நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

‘மேஸ்திரி, கதவு எந்தப் பக்கமாத் தொறக்கும்?’

‘வெளிப்பக்கமாங்க. அம்மா உள்ள தடுமாறி விழுந்தாலும், தாழ்ப்பாள நெம்பிட்டு நாம தொறந்துரலாம்.’

‘அப்படியே வெச்சிருங்க’ என்றார் மாமனார்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மேஸ்திரி வரமாட்டேன் என்ற நாளில் வரவில்லை, வருகிறேன் என்ற நாளில் வராமல் இருந்ததும் இல்லை. பேசினை சேலத்தில் வாங்கி, வைக்கோல் சுற்றி, பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்தார். அத்தையின் வலது கைக்கு எட்டுகிற உயரத்தில் இரும்புப் பைப்பைச் சுவரில் பதித்தார். மோட்டாரிலிருந்து தண்ணீர் வந்து விழ ஒரு சிமெண்டுத் தொட்டியும் கட்டினார். மாமனார் தன் பங்குக்குச் செங்கல்லை நனைத்தார், சுவருக்குத் தண்ணீர் தெளித்தார். அது சரியில்லை, இது சரியில்லை என்று நாள் முழுக்க நச்சரித்தார். மேஸ்திரி ஒருநாள், ‘ஐயா, நீங்க மறுபடியும் மேச்சேரிக்குப் போயிட்டு வாங்களேன்’ என்று கெஞ்சியே விட்டார். அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் இந்த வீட்டில் எல்லாம் நல்லபடியாகப் போகும் என்று நம்பிக்கை வந்தது.

சிமெண்டு காய்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயில் ஏறின நேரத்தில், அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு போனார். நான் கையைப் பிடிக்கப் போனேன். ‘வேண்டாம் சாமி’ என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நானும் மாமனாரும் வெளியே நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. ‘அத்தை, விழுந்துகிழுந்துட்டீங்களா?’ என்று கதவைத் தட்டினேன்.

‘இல்ல சாமி’ என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ‘சின்னப்புள்ளையில இருந்து, ஆளு வர்ற சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கோணும்னு காதத் தீட்டிக்கிட்டேதான் உக்காந்திருக்கறேன். அந்தப் பயமில்லாம இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன். செத்த நேரம் இருந்துட்டு வாரனே.’

நான் மறுபடி தட்டப்போன கையை மாமனார் தடுத்தார்.

‘கூப்படாத சாமி’ என்றார். ‘எத்தன நேரம் வேணுமோ இருக்கட்டும்.’