ஒன்பது பேரின் ஓம்

லண்டனில் ஸ்ட்ரெதம், டூட்டிங் பக்கம் இருபத்துநாலு வருடம் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரித்தவள் நான். ஆளின் சம்மதம் இல்லாமல் சொக்ஸைக்கூடக் கழற்றக் கூடாது என்று புதியவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். அதனால் சம்மதம் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற நினைப்பு.

நீரிழிவுக்காரர் வீட்டில் மருந்தை உண்மையில் எப்படி எடுக்கிறார்கள் என்று ஆராயும் பல்கலைக்கழகப் பிள்ளை தாரிணி. அவளுக்கு டூட்டிங்கில் ஒன்பது பேரைப் பிடித்துக் கொடுத்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. என் கைராசி என்று பெருமைப்பட்டேன்.

அவர்களில் ஒருவர் செபமாலைமுத்து அண்ணை. மகள் மயூராவோடு இருப்பவர். சம்மதப் பத்திரத்தை நானே வாசித்தேன். கையெழுத்து வைக்கும் இடத்தையும் நானே விரலால் காட்டினேன். “ஓம், ஓம்” என்று தலையாட்டிக் கையெழுத்து வைத்தார். தாரிணியின் ரெக்கோடர் ஓட ஓட, மூன்று மாதமாக இன்சுலின் ஊசியை மகளுக்குத் தெரியாமல் குப்பையில் போடுவதாகவும் சொன்னார்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு ஒரு விதி. சில நாள் கழித்து, ஆளைப் பிடித்துக் கொடுத்தவர் பக்கத்தில் இல்லாமல், மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். “வேலையில்லாத ஆக்கள் போட்ட சட்டம்” என்று சிரித்தேன். தாரிணி முதலில் போன் எடுத்தது அண்ணைக்கு. வேண்டாம், பதிவை அழியுங்கோ என்றார்.

நேரே போய் நின்றேன். “எனக்கு முன்னால ஓம் எண்டனீங்கள் எல்லே?”

“தங்கச்சி, என்ர மனிசியைக் கடைசி மட்டும் குளிப்பாட்டினது நீர். உமக்கு எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?”

ஒன்பது வீட்டிலும் நான் யாரையாவது குளிப்பாட்டியிருக்கிறேன். கைராசி அவ்வளவுதான்.

“பதிவு அழிஞ்சுதோ? மயூரா அறிஞ்சால் துலைஞ்சன்.”

“அழிச்சாச்சு. ஆனா ஊசி போடாமல் இருக்க ஏலாது அண்ணை. நாளைக்கு டொக்டரிட்டை நான் கூட்டிக்கொண்டு போறன்.”

பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

“நீர் வந்தால் அங்கையும் எல்லாத்துக்கும் ஓம் எண்டுபோட்டு வந்திடுவன். நான் தனியப் போறன்.”

மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் விலகினார்கள். ஒருத்தி என் சொந்த மச்சாள்.

அடுத்த கிழமை மயூராவைக் கடையில் கண்டேன். “அப்பா ஊசி போடாமல் விட்டதை டொக்டரிட்டையும் என்னட்டையும் தானாச் சொல்லிப்போட்டார் அன்ரி. உங்களுக்குத் தெரியுமோ?”

“இல்லைப் பிள்ளை” என்றேன். கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினேன்.