முகப்பேரில் எனக்கு ஒரு சாட்சி

அமெரிக்காவில் இத்தனை வருடம் ஓட்டியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. வருடத்துக்கு ஏழெட்டு முறை, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு, ஓர் அரசாங்க விசாரணை அதிகாரி என் அறைக்கு வருவார். அடையாள அட்டையைக் காட்டுவார், காபி வேண்டாம் என்பார், குறிப்பேட்டைத் திறந்து என் மாணவர் ஒருவரைப் பற்றிக் கேட்பார். குடிப்பாரா? கோபக்காரரா? ரகசியம் காப்பாரா? ஒரு பல்கலைக்கழகத்தில் தேசியப் பாதுகாப்பு, உளவுத் தகவல் ஆய்வு பற்றிய முதுகலைப் படிப்புக்குத் தலைவன் நான். என்னிடம் படிப்பவர்கள் அரசுப் பாதுகாப்புத் துறைகளில் வேலைக்குப் போகிறார்கள். அந்த வேலைகளுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்குத்தான் இந்த விசாரணை. ஊரில் இதை விளக்கி அலுத்துவிட்டது. போன தடவை திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது, பக்கத்தில் இருந்தவர் என் வேலையைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க ஸ்பையா சார்?" என்று குரலைத் தாழ்த்தினார். "வாத்தியார்ங்க" என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்வரை செல்போனைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கவும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு ரையன் என்ற மாணவனைப் பற்றி விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். ரையன் கெட்டிக்காரன். ஒருமுறை குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டிருந்தான். அதை அவனே என்னிடம் சொல்லியிருந்தான். "மதுவால் அவருக்கு ஏதாவது பிரச்சினை வந்ததாகத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்படி எதுவும் கிடையாது. மிக நல்ல பையன்" என்றேன். இரண்டு வாரம் கழித்து ரையன் முகம் வெளிறி வந்து நின்றான். "அதை நானே விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், ப்ரொஃபசர். நாம் இருவரும் சேர்ந்து வேறு எதையோ மறைக்கிறோம் என்று இப்போது சந்தேகப்படுகிறார்கள். என் வேலை நிற்கிறது. ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" தகவல் சொல்பவரை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதிகாரியைக் கூப்பிட்டு, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். "எதற்காகச் சொன்னீர்கள்?" என்றார். "அவன் நல்லவன் என்பதற்காக" என்றேன். மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டவர் அதை மட்டும் எழுதவில்லை. ரையனுக்கு வேலை கிடைத்தது, நாலு மாதம் தாமதமாக.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். காலேஜ் இரண்டாம் வருடம், தினமும் போகும் பஸ்ஸுக்கு மாணவர்கள் மாலை போட்டு ஊர்வலம் விடும் பஸ் டே கொண்டாட்டம். ஆவடி பஸ்ஸின் கூரைமேல் ஏறி ஆடியவர்களில் நானும் ஒருவன். கண்ணாடி உடைந்தது, போலீஸ் வந்தது, சாயங்காலம்வரை எங்களை ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பெயர், விலாசம் எழுதிக்கொண்டு விரட்டினார்கள். கிழிந்த சட்டையோடு நான் அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதையும், "போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டியா" என்று அவர் வாசலிலேயே என்னை அறைந்ததையும் எதிர் ஃப்ளாட் விமலா அக்கா பார்த்தார். பழைய முகப்பேர் கிராமத்துக் குடும்பம் அவருடையது. கீழே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார், இன்றும் வைத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து என் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து, "பையன் எப்டிம்மா? கேஸு கீஸு எதுனா?" என்று அவரிடம்தான் கேட்டார். அக்கா கண் சிமிட்டாமல் சொன்னார்: "இந்தப் புள்ளயா? தல நிமிந்து நடக்காது சார். தங்கம்." அந்த வார்த்தையில்தான் நான் விமானம் ஏறினேன். நம் ஊரில் இப்படிச் சொல்வதை யாரும் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. இவன் எங்களவன் என்பதுதான் அதற்குப் பொருள். அந்தக் கான்ஸ்டபிளுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்த வருடம் என் முறை வந்தது. எங்கள் படிப்புக்கு அரசுத் திட்டம் ஒன்று சேர்ந்ததால், தலைவராகத் தொடர வேண்டுமானால் எனக்கும் அந்தப் பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தில் பஸ் டே விவகாரத்தை ஒளிக்காமல் எழுதினேன். சென்னையில் என்னை அறிந்த ஒருவரின் பெயரையும் கேட்டார்கள். அப்பா அம்மா இல்லை. பழைய குடித்தனங்கள் காலி செய்துவிட்டுப் போய், அந்த ஃப்ளாட்டுகளில் இப்போது ஐ.டி. வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். மிஞ்சியது விமலா அக்கா மட்டும்தான். அவர் பெயரை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் நேரில் பேசிவிடலாம் என்று கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தேன்.

"இன்னா நைனா, எளச்சிட்டுக் கீற?" என்று கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"தமிழ் தெரிஞ்சவங்க யாராவது போன் பண்ணுவாங்கக்கா. நான் ஸ்டேஷனுக்குப் போனது தெரியுமான்னு கேப்பாங்க. தெரியும்னு சொல்லிடுங்க."

"இன்னாத்துக்கு?"

"நானே எழுதியிருக்கேன். நீங்க இல்லன்னு சொன்னா, நான்தான் உங்களப் பொய் சொல்ல வெச்சேன்னு நினைப்பாங்க. என் பதவியே போயிடும்."

அக்கா வளையல் பெட்டியைப் பிரிப்பதை நிறுத்தினார். "அன்னிக்கு வாசல்ல வந்து நின்ன நம்மூரு போலீசுகிட்டயே சொல்லல. ஊர் பேர் தெரியாதவன்கிட்ட உன்ன வுட்டுக் குடுப்பனா? என் ஊட்டுப் புள்ள நீ."

"நடந்தது உண்மைதானேக்கா?"

"உண்மைதான். அதுக்கின்னா? என் வாயில வராது."

ஒரு மணி நேரம் மன்றாடினேன். மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வாதங்களையெல்லாம் அந்தக் கடையில் செலவழித்தேன். அக்கா மசியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கூடவே, வயது ஐம்பதை நெருங்கும் ஆள் வளையல்களுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியும் வந்தது. என்னைப்போல் வெளியேறியவர்களுக்கு இது புரியும். அங்கே யாரும் எனக்காக ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டார்கள்.

திரும்பி வந்து, கூடுதல் விவரங்களுக்காக விட்டிருந்த இடத்தில் எழுதினேன்: "நான் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டது உண்மை. என் முகப்பேர் சாட்சி அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார். நான் கேட்டுக்கொண்டதால் அல்ல. வேண்டாம் என்று நான் மன்றாடியும் சொல்வார்." எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு மாணவன் இதைக் கொண்டுவந்திருந்தால், அந்தச் சாட்சியை அடித்துவிட்டு வேறு ஆளைத் தேடு என்று சொல்லியிருப்பேன். பேனாவை விமலா அக்காவின் பெயர்மேல் கொண்டுபோனேன். அடிக்கக் கை வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.