வார்டில் நான் போட்ட கூப்பாடு

சனிக்கிழமை பஜனைக்கு வருகிற உங்களுக்கு என்னைத் தெரியும். உருகி உருகிப் பேச எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். ஓசூர் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குச் சளிக்காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. பிழைப்பாரா என்பதே தெரியவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, மரத்துப் போயிருந்தேன். பிறகு ஒருநாள் குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விட்டார். ஆனால் பொட்டுத் தூக்கம் இல்லை. "வெங்கட்ரமணா, இவர் நல்லாத் தூங்கினாப் போதும்" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மல்லாந்து படுத்துத் தூங்கினார். குறட்டை வார்டு முழுக்கக் கேட்டது. பேரிகை ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கொறட்ட உடறான் பாரு. எந்தம்பி பொழச்சிக்கினான்!"

சட்டென்று குறட்டை நின்றது. மார்பு ஏறி இறங்கியது, மூக்கில் காற்று இல்லை. வீட்டிலும் இப்படி நிற்பதுண்டு. விலாவில் ஒரு இடி இடித்தால் திரும்பிப் படுப்பார். கையை நீட்டினேன். நாத்தனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இருடி. இப்பத்தான் கண்ணசந்தான். தூங்கறவன எழுப்புவாங்களா?"

"மூச்சு வரல அண்ணி!"

"வெங்கட்ரமணா! அந்தக் கொறட்டையக் குடுடா!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் என்னைத் திட்டத்தான் திரும்பினார். திரும்பியவர் என் வீட்டுக்காரரின் உதடு நீலமாகியிருப்பதைப் பார்த்தார். "எப்பிசி! எப்பிசி!" என்று, எழுப்பச் சொல்லிக் கன்னடத்தில் நர்சுக்குக் குரல் கொடுத்தபடி ஓடிவந்து, அவரை உலுக்கி எழுப்பி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பெரிய இழுப்பாக ஒரு மூச்சு வந்தது.

தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் வியாதியாம். வெகுநாளாகவே இருந்திருக்கிறது. குழாய் எடுத்த புதிதில் தொண்டை வீங்கி, உடம்பும் தளர்ந்திருக்கும்போது அது ஆளையே கொண்டுபோய்விடுமாம். அதற்குப் பிறகு மல்லாக்கப் படுக்கவே விடவில்லை. தூங்கும்போது முகத்தில் மூடி போட்டுக் காற்றுக் கொடுத்தார்கள்.

தேறி வீடு வந்தார். டாக்டர் சொன்னபடி பனியன் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துக் கொடுத்தேன், மல்லாந்தால் உறுத்தும். உடம்பைக் குறைத்தார், வேலைக்கும் திரும்பினார். வருஷத்துக்கு ஒருமுறை கோயில் வாசலை மிதித்த நான் இப்போது ஒரு சனிக்கிழமை தவறுவதில்லை.

"காப்பாத்துனது டாக்டர்தான?" என்று நாத்தனார் இன்றும் கேட்கிறார். ஆமாம், அவரையும்தான் கும்பிடுகிறேன். அந்த நேரத்துக்கு அவரைப் பக்கத்துக் கட்டிலில் நிறுத்தியது யார்?

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் மனசுக்குள் முணுமுணுக்காதீர்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள். யாராவது திட்ட வந்தால் வரட்டும். எனக்கு அவன் அப்படித்தான் வந்தான்.