வெள்ளிக்கிழமை ரிப்பேர்

என் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அவருடைய பழைய பைக் பாலக்கரையில் எங்கள் வாசலில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஸ்டார்ட் செய்து வைப்பது என் வேலை.

இன்று எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை. வீடியோ கால் போட்டேன்.

வழக்கமாக, "சாப்டியா? அத்தா மாத்திரை போட்டாங்களா? சரி, வச்சிடவா?" அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

இன்று மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பெட்ரோல் டேப்பத் திறந்தியா?"

குனிந்து பார்த்தேன். "திறந்துதாங்க இருக்கு."

"அப்ப சோக்க இழு. ஃபோன இன்ஜின்கிட்ட வை, சத்தம் கேக்கட்டும். இரு இரு, உதைக்காத, காலு வலிக்கும். செத்த உக்காரு."

உட்கார்ந்தேன்.

"கல்யாணமான புதுசுல முக்கொம்பு போனப்பவும் மழையில இப்படித்தான் நின்னுச்சு. ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டே வந்தோம்."

"தள்ளுனது நானு. நீங்க சிரிச்சுக்கிட்டுல்ல வந்தீங்க."

சிரித்தார். பிளக், பேட்டரி என்று பேச்சு நீண்டது. நடுவே, ரூமில் இந்த வாரம் இவர்தான் சமையல் என்பதும், ராத்திரியில் சரியாகத் தூக்கம் வருவதில்லை என்பதும் வந்தது. இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

அவர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் நேரமானதும், மூடியிருந்த டேப்பைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டு உதைத்தேன். கிளம்பிவிட்டது.

"மாஷா அல்லாஹ்! சோக்குதான்னு நான் சொன்னேன்ல!"

முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டார், பாவம்.

அவர் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் கேட்கிறேன். பைக் தெரிந்தவர்கள், அடுத்த வெள்ளிக்குச் செலவு வைக்காத ரிப்பேர் ஒன்று சொல்லுங்களேன். சீக்கிரம் சரியாகிவிடக் கூடாது.